தூள் நல்லா இருக்கு, அம்மா

...அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை, 'தூள் நல்லா இருக்கு, அம்மா' என்று மட்டும்தான் சொன்னேன், எல்லாப் பிள்ளைகளும் எல்லா அம்மாமாருக்கும் சொல்வதுதான், என்ன, அதைச் சொன்ன நேரம் அம்மா அனுப்பிய பாசல் பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சாந்தன் அண்ணையின் கடையில் அரிசிப் பைகளுக்குப் பின்னால் கிடந்தது, இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது, ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்று புதன்... நாலு நாள். எங்கள் ஆட்களுக்குத் தபால் என்று ஒன்று இருப்பதே தெரியாது, லண்டனிலிருந்து யாராவது பரிஸுக்குக் கலியாணவீட்டுக்கு வெளிக்கிட்டால் போதும், அவர்களுடைய சூட்கேசில் பாதி இடம் அடுத்த வீட்டுக்காரர்களின் பாசலுக்குத்தான், உடுப்பை இடுப்பில் கட்டிக்கொண்டா வருவார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. இந்தமுறை அகப்பட்டவர் கிங்ஸ்டன் அங்கிள், அம்மாவோடு ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர், பாசலைக் கடையில் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு குரல்செய்தி போட்டுவிட்டு எபினேயில் நடந்த கலியாணத்துக்கு ஓடிவிட்டார். பாசலுக்குள் என்ன இருக்கும் என்று பிரித்தா பார்க்கவேண்டும், செப்டெம்பரில் தூள், ஒக்டோபரில் தூள், அம்மா வறுத்து இடித்த கறித்தூள், அதுவும் எங்கே, தூள் மணக்காத வாசலே இல்லாத லா சப்பலுக்கு! அதனால்தான் ஞாயிறு இரவு போனில் "பாசல் எடுத்தனியே பிள்ளை?" என்று அம்மா கேட்டபோது நாக்கு தானாகவே சொல்லிவிட்டது, ஓம் அம்மா, எடுத்தனான், தூள் நல்லா இருக்கு, மத்தியானம் மீன்குழம்பு வைச்சனான் என்று. மீன்குழம்பு வேறு! அம்மா ஒரு கணம் பேசாமல் இருந்தா, பிறகு "சரி பிள்ளை" என்றா. அந்த ஒரு கணம்தான் நாலு நாளாக எனக்குள் நின்றுகொண்டு போகமாட்டேன் என்கிறது.

றெஜினா, பிரித்தானியர்கள் இதைப்பற்றி என்ன நினைப்பார்கள்? பேராசிரியர் கேட்கிறார், வகுப்பில் பதினான்கு அமெரிக்கர்களும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், எதைப்பற்றி என்றே எனக்குத் தெரியாது, ஆனால் நான்தான் இந்த அறையில் பிரித்தானியா, லண்டன் பல்கலைக்கழகம் ஒரு வருடப் பரிமாற்றத்துக்கு பரிஸில் இருக்கும் இந்த அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பிய பிரித்தானிய மாணவி. அது ஒரு சிக்கலான விடயம் என்று சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள், இங்கே எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள், எதைச் சொன்னாலும் அற்புதம் என்பார்கள், நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லக்கூடாது. பக்கத்தில் இருக்கும் சாண்ட்ரா ஒஹாயோக்காரி, முதல் வாரம் முழுக்க என்னைத் 'தண்ணீர்' என்று ஆங்கிலத்தில் சொல்லச்சொல்லிக் கேட்டுச் சிரித்தாள், உன் உச்சரிப்பைக் கேட்டால் அரண்மனைக்குள் இருப்பதுபோல இருக்கிறது என்றாள், என்னுடைய அரண்மனை லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் கோழிக்கடைக்கு மேல் இரண்டாம் மாடி என்று நான் சொல்லவில்லை. ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து லண்டனுக்குப் போனபோது அங்கே நான் சிறிலங்காப் பிள்ளை, இங்கே கல்லூரியில் பிரித்தானியப் பிள்ளை, லா சப்பலில் லண்டன் பிள்ளை, ஒரு இடத்திலாவது அந்த இடத்துப் பிள்ளையாக இருந்திருக்கிறேனா? மிச்சத்தில் இருந்தேன், அந்த இரண்டாம் மாடியில், அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்கும் அந்த வீட்டில். எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும், வேறு எப்படிச் சொல்வது, வயிற்றுக்குள் இருந்து வருகிறது, வீட்டுக்குப் போகவேண்டும். படிப்பு நன்றாகப் போகிறது என்றுதான் அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அதுவும் தூள் மாதிரித்தான்.

போவதற்கு வழி இருக்கிறது, அதுதான் வில்லங்கமே. பரிமாற்ற அலுவலகத்தில் இருக்கும் ஒலிவியே என்பவர் நேற்று மறுபடி மின்னஞ்சல் போட்டிருந்தார், வழக்கம்போல ஒரு சிரிக்கும் முகத்தோடு, கோடைவரை இருக்கிறாயா, டிசம்பரோடு திரும்புகிறாயா, வியாழன் மதியத்துக்குள் பதில் வேண்டும். வகுப்பு முடிந்து பன்னிரண்டாம் இலக்க மெற்றோவில் ஏறி இருக்கை கிடைத்ததும் பதிலை எழுதிவிட்டேன், டிசம்பரோடு திரும்புகிறேன், நன்றி, ஒரு வரி. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு கொன்கோர்ட் நிலையம் போனது, மதலேன் போனது, சுரங்கத்துக்குள் தொடர்பு அறுந்து வந்து அறுந்து வந்து... சாட்டு நல்ல சாட்டு. அம்மா என்ன சொல்லுவா? ஏன் பிள்ளை, ஒரு வருடம் என்றுதானே போனாய் என்பா, ஆனால் கதவைத் திறந்துவிடும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் நேரே தெரிவது மடு மாதா, எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோயில் மாதா, கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய படம், ஒரு மூலையில் தண்ணீர் பட்டு நீலம் கொஞ்சம் ஊறிப்போயிருக்கும். எங்கள் வீட்டில் வீடு மாறுவதற்கு ஒரு முறை உண்டு, எல்லாப் பெட்டியும் இறங்கின பிறகு கடைசியாகத்தான் மாதாவைக் கழற்றுவது, அதைப் பெட்டிக்குள் போடுவதில்லை, அம்மா மடியில் வைத்துக்கொண்டு வருவா, பிறகு குறடு எடுத்து மாட்டியிருந்த ஆணியையும் பிடுங்கி, கடதாசியில் சுற்றி, காசுப்பையில் வைப்பா. மன்னாரில் அப்பா அடித்த ஆணி அது. மன்னாரிலிருந்து கொழும்புக்கு, கொழும்பிலிருந்து ஈஸ்ட்ஹாமில் மற்றவர்களோடு பங்குபோட்ட அறைக்கு, அங்கிருந்து மிச்சத்துக்கு, ஒவ்வொரு இடத்திலும் முதல் வேலை அந்த ஆணியை அடித்து மாதாவை மாட்டுவது, அதற்குப் பிறகுதான் அடுப்பு. விமான நிலையத்தில் ஒருமுறை பிடித்துக்கொண்டார்கள், இந்தத் துருப்பிடித்த ஆணி எதற்கு என்று கேட்டார்கள், அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் வராது, கையை நெஞ்சில் வைத்துக் காட்டினா, விட்டுவிட்டார்கள். அப்பா இல்லாமல் வந்த பயணம் அது. மாதாவை மாட்டியாயிற்று என்றால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம்... மார்க்ஸ் டோர்மோய், இறங்கவேண்டும், விரல் இன்னும் பொத்தானுக்கு மேல்தான்.

அறைக்குப் போகாமல் நேரே கடைக்கு நடந்தேன், இன்றைக்காவது எடுப்போம், எடுத்து ஒரு மீன்குழம்பு வைத்தால் பொய் பின்னாலிருந்து உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு. நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிட்டது, ரூ பஜோல் தெருமுனையில் யாரோ பூமாலைகளை மடித்துக்கொண்டு நின்றார்கள், சாந்தன் அண்ணை வாசலில் வெண்டிக்காய்ப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். "ஆ, லண்டன் தங்கச்சி, உங்கட பாசல் என்ன வாடகைக்கோ இஞ்சை இருக்குது?" என்றார். வகுப்பு அண்ணை, நேரமில்லை என்றேன். "உங்கட அம்மா திங்கக்கிழமை போன் எடுத்தவ, கடை நம்பருக்கு. பிள்ளை எடுத்திட்டாளோ எண்டு கேட்டா. இல்லை, கிடக்குது எண்டன்." எனக்கு முகம் சுட்டது, வேறு என்ன சொன்னா என்று கேட்டேன். "வேறை ஒண்டுமில்லை, கவனமா வைச்சிருங்கோ, மேலை ஒண்டும் வைக்காதேங்கோ எண்டா. அதாலை நான் மேலை ஒண்டும் வைக்கேல்லை," என்று அரிசிப் பைகளுக்குப் பின்னால் குனிந்து எடுத்துத் தந்தார். தட்டையான பாசல், மூன்று பக்கமும் நாடாவால் சுற்றி, அம்மாவின் கையெழுத்தில் 'றெஜினா, பரிஸ்' என்றும் கீழே பெரிதாகக் 'கவனம்' என்றும். தூள் பாசல் ஒருநாளும் தட்டையாக இருப்பதில்லை. திங்கட்கிழமையே அம்மாவுக்குத் தெரியும் என்றால் செவ்வாய்க்கிழமை போனில் ஏன் ஒன்றும் கேட்கவில்லை, ஏன் குளிருக்குக் காதை மூடு என்று மட்டும் சொன்னா?

நான் அறை எடுத்திருப்பது இம்மாகுலேற் அன்ரியின் வீட்டில், அம்மாவின் ஊர்க்காரி, வீட்டுக்குள் வந்த முதல் நாளே ஒரேயொரு சட்டம் சொன்னவ, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, வீட்டுக்காரப் பிரெஞ்சுக்காரன் ஓட்டைகளை எண்ணுவான் என்று. அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்து பாசலைப் பிரித்தேன், முதலில் என்னுடைய பழைய பள்ளிக்கூட ஸ்வெற்றர், அதற்குள் ஒரு துவாய், துவாய்க்குள் கை போனதுமே கண்ணாடியின் குளிர், பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, ஊறின நீலம் மேல்மூலையில், மாதா. ஒரு துண்டுக் கடதாசி, 'நீ இருக்கிற இடத்திலை இருக்கட்டும்.' அவ்வளவுதான். கடவுளே, இதற்குத்தானா தூள் நல்லா இருக்கு என்றேன், இதைத்தானா மீன்குழம்பு வைத்தேன்! அப்படியென்றால் நான் திரும்பிப்போக நினைத்த வீடு... கதவைத் திறந்தால் அங்கே என்ன தெரியும்? மாதா போகும் இடத்துக்குத்தானே எங்கள் வீடும் போகும், இதுவரைக்கும் அப்படித்தானே. துவாயை உதறினேன், ஸ்வெற்றரின் கைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சட்டத்தின் பின்பக்கம், பெட்டியின் மடிப்பு, கடதாசிச் சுருள் ஒன்று எங்கேயாவது இருக்கவேண்டும், ஆணி இல்லாமல் அம்மா ஒருநாளும் அனுப்பமாட்டா. இல்லை.

அம்மாவுக்கு அடித்தேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தா. "என்ன பிள்ளை, இந்த நேரத்திலை? சாப்பிட்டனியே?" பாசல் இண்டைக்குத்தான் எடுத்தனான் அம்மா என்றேன். "தெரியும்," என்றா, சிரிக்கிறாவா என்று எனக்குப் பிடிபடவில்லை. "தூள் நல்லா இருக்கெண்டு சொன்னாய். நான் தூளே வைக்கேல்லையே, இவள் எதைப் போட்டுக் குழம்பு வைச்சவள் எண்டு யோசிச்சன்." ஏன் அண்டைக்கே ஏசேல்லை என்றேன். "ஏசி என்ன, ஓடித் திரியிற பிள்ளை. எடுக்கேக்கை எடுப்பாய்தானே." அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது, ஏசியிருந்தால் வந்திருக்காது. ஏன் அம்மா மாதாவை அனுப்பினனீங்கள்? "நீ பேந்தும் பேந்தும் வீட்டைப் பற்றியே கேக்கிறாய், அம்மா கதவு பூட்டினீங்களோ, அம்மா ஜன்னல் ஒழுகுதோ எண்டு. படிக்கப் போன இடத்திலை மனம் நிக்கவேணும். அதுதான். இருந்து முடிச்சுப்போட்டு வா." ஆணி இல்லை அம்மா, எல்லா இடமும் தேடினனான், மறந்திட்டீங்கள். மறுபக்கம் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம், பிறகு அதுவும் நின்றது. "மறக்கேல்லை. குறடு எடுத்துக்கொண்டு போனனான்தான்... கழட்ட மனம் வரேல்லை பிள்ளை. சுவரிலை கிடக்கு. கிடக்கட்டும்." பிறகு அவசரமாக, "சரி வை, சோறு அடிப்பிடிக்கப் போகுது," என்று வைத்துவிட்டா.

போன் கையில் இருக்க, மிச்சத்தில் அந்தச் சுவர் தெரிந்தது, சட்டம் இருந்த அளவுக்கு நிறம் வெளிறாத ஒரு கட்டம், அதன் மேல்நடுவில் அப்பாவின் ஆணி, வெறும் ஆணி, அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் தெரிவது அதுதான். போ என்று சொன்னதும் அம்மாதான், வா என்று சொல்வதும் அம்மாதானா, இல்லை, இதெல்லாம் நானாக நினைத்துக்கொள்வதா, கேட்டால் சோறு அடிப்பிடிக்கும் என்பா. மின்னஞ்சல் இன்னும் திறந்தபடி இருக்கிறது, டிசம்பரோடு திரும்புகிறேன், நன்றி. அதை அழித்தேன். கோடைவரை இருக்கிறேன் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அழுத சத்தம் வெளியே கேட்டிருக்கவேண்டும், கதவு தட்டுப்பட்டது, இம்மாகுலேற் அன்ரி எட்டிப் பார்த்தா, கட்டிலில் மாதாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போனா. குசினிப் பக்கம் லாச்சியை இழுத்துத் திறக்கும் சத்தம். வரும்போது ஒரு கையில் சுத்தியல், மற்றக் கையில் பளபளவென்று ஒரு புது ஆணி. "வீட்டுக்காரன் எண்ணினா எண்ணட்டும்," என்றா, "ஒரு ஓட்டைதானே. சொல்லு, எங்கை அடிக்கிறது?" நான் எழுந்து நின்று சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரில் வைத்துப் பார்த்தேன், கதவைத் திறந்தால் நேரே தெரியும் இடம், சரியான இடம்தான், அன்ரி ஆணியின் நுனியைச் சுவரில் வைத்தா. "பொறுங்கோ அன்ரி," என்றேன், மாட்டிவிட்டால் இங்கே வந்து சேர்ந்துவிட்டேன் என்றல்லவா ஆகிவிடும். அவவும் பொறுத்தா, சுத்தியலைத் தூக்கியபடி.