மின்னல் பார்த்த குஞ்சு

காகம் தூக்காமல் இருக்கக் கோழிக்குஞ்சுக்குச் சாயம் பூசுவது கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளில் வழக்கம்தான். முதுகில் நாலு சொட்டு போதும். அழகரோ, செய்வதைத் திருந்தச் செய்வோமென்று, குஞ்சைத் தலையோடு ரோஸ் துணிச்சாயத்தில் முக்கியெடுத்தார். மூன்றாம் நாள் அதன் கண்கள் இரண்டும் அவிந்துபோயின.

"முட்டைக்குள்ள இருக்கயில மின்னல் வெட்டுச்சுல்ல, ஓட்டு வழியா வெளிச்சம் பூந்திருச்சு" என்றார் மனைவி ஆறாயியிடம், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல்.

"முந்தாநாள் நல்லா பாத்துச்சே?"

"பாக்கிற மாதிரி நடிச்சிருக்கு. கெட்டிக்காரக் குஞ்சு."

அன்றுமுதல் தீனி, தண்ணீர் எல்லாம் அவர் கையால்தான். பால்மா டின் மூடியில் நகத்தால் தட்டுவார். குஞ்சு தட்டுத்தடுமாறி வந்து, அந்த விரலைத் தொட்டுப் பார்த்த பிறகே கொத்தும். அவர் நகக்கண்ணில் அந்த ரோஸ் சாயம் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ஆறாயி தட்டிப் பார்த்தாள். குஞ்சு அசையவில்லை. அழகர் தட்டியதும் ஓடி வந்தது.

"ஒங்க மேல உசிரையே வச்சிருக்குங்க. அப்பிடி என்னதான் செஞ்சீங்க அதுக்கு?"

அழகர் தன் ரோஸ் நகத்தைப் பார்த்தார்.

"கண்ணக் கெடுத்தேன். நாந்தான். தலையோட சாயத்துல முக்கிட்டேன், ஆறாயி."

ஆறாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போங்க, தலையில கொஞ்சம் சாயம் வழிஞ்சா முக்குனதாயிருமா? யாராச்சும் தலையோட முக்குவாங்களா? இதுக்கு அந்த மின்னல் கதையே தேவலை!"

அழகர் மூடியைத் தட்டினார். குஞ்சு விரலைத் தேடி வந்தது.