மஞ்சள் கடுதாசிக்கு மஞ்சள் போதவில்லை

1

இந்தக் கதை ஓர் ஏச்சிலிருந்து பிறந்தது. ஜொகூர் பாரு சாப்பாட்டுக் கடையில் அடுத்த மேசைக்காரர் தம் மைத்துனரைப் பற்றி, "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான் லா" என்றார். மைத்துனர் திவாலாகிவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கடுதாசி உண்மையிலேயே மஞ்சளா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் எழுத உட்கார்ந்தேன்.

2

மலாயாவின் மூவார், 1943, ஜப்பான்காரன் ஆட்சி. ஆற்றின் மேல் மூடுபனி கவிந்திருந்த ஒரு காலை—

(வேண்டாம். கடன்பட்டவருக்கு மூடுபனி எதற்கு?)

மளிகைக்கடை மரியநாதன் சரக்கெடுக்கக் காளியப்பனிடம் கடன் பட்டிருந்தார். மதிப்பில்லாத ஜப்பான் நோட்டு வேண்டாம், வீட்டை எழுதிக் கொடு என்றார் காளியப்பன். திவால் மனு கொடுத்தால் வீடு தப்பும் என்று மரியநாதன் நம்பினார். சரியா தப்பா என்று சொல்லவேண்டிய வக்கீல், ஜப்பான்காரன் வருமுன்பே கப்பலேறிவிட்டார். மனுவை நாமே கொடுத்துவிடலாம் என்று மரியநாதன் முடிவெடுத்தார்.

3

முதல் வரைவில் அவரை அசடாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வக்கீல் இல்லாத ஊரில் காதில் விழுந்ததுதான் சட்டம். திவால் மனு மஞ்சள் தாளில்தான் இருக்கவேண்டும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்; மஞ்சள் தாள் எங்கும் கிடைக்கவில்லை. மனைவி செசிலியா மஞ்சள் அரைக்க உட்கார்ந்தார். வீட்டில் இருந்த ஒரே துண்டு, தாளின் நான்கு மூலைக்குத்தான் வந்தது.

"போதும்ங்க. மஞ்சள்னு தெரிஞ்சா சரி," என்றார்.

4

கோர்ட்டில் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி அர்ச்சுனன் மடித்த தாளை வாங்கினார். மூலைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"யாருக்குண்ணே கல்யாணம்?"

(சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்.)

பிரித்துப் படித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"இத நான் பதிஞ்சா கடைக்குச் சீல் வச்சிருவாங்க. கடை இல்லாத ஆம்பளைய சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரங்க லாரியில ஏத்திடுறாங்க. கல்யாணக் கடுதாசின்னே எடுத்துட்டுப் போயிருங்கண்ணே."

5

முடிவு அ: மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். வீடு காளியப்பனுக்கு. செசிலியாவும் பிள்ளைகளும் மூட்டையோடு—

முடிவு ஆ: பதியச் சொல்கிறார். வீடு தப்புகிறது (தப்புமா? வக்கீலைக் கேட்கவேண்டும்). மறுநாள் லாரி—

சயாம் ரயில்பாதை போடப் போனவர்களில் எத்தனையோ பேர் அங்கேயே செத்தார்கள், திரும்பவில்லை. இது எனக்குத் தெரியும், மரியநாதனுக்குத் தெரியாது. அதனால்தான் கை ஓடவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது, பயமாகவும் இருக்கிறது.

ஆகவே அவரை அங்கேயே நிறுத்தியிருக்கிறேன். தாளின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அர்ச்சுனன் கையில். முடித்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் முடியுங்கள். நான் எழுதாதவரை லாரி வராது.