கேப்டனின் குண்டுச் சில்லு

ஸ்ரீகிருஷ்ணாவின் வலது தொடையில் ஒரு குண்டுச் சில்லு இருந்தது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். ஜெர்மனிக்கு இயந்திரவியல் படிக்கப் போனவன் படிப்பைப் பாதியில் விட்டான். குரோஷியாவில் நடந்துகொண்டிருந்த போரில் வெளிநாட்டுத் தன்னார்வலர் படையில் சேர்ந்து எட்டு மாதம் சண்டை போட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். வரும்போது ஒரு பச்சைத் தொப்பியும் கொஞ்சம் நொண்டலும் கொண்டுவந்திருந்தான். கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடக்கும்போது நொண்டல் நன்றாகத் தெரியும். கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்கும்போது தெரியாது.

அது 1995ஆம் வருடம். அந்தப் போரில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்ரீகிருஷ்ணாவை 'கேப்டன்' என்று கூப்பிட அது ஒரு தடையாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவன் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம். ஏழெட்டுப் பேர், எல்லோரும் பட்டதாரிகள், எல்லோருக்கும் வேலை இல்லை. என் தம்பி ஷ்ரவண் முதல் வரிசை. பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அமெரிக்க விசா இரண்டு முறை கிடைக்கவில்லை. போருக்குப் போக டோஃபல் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டாம் என்பது அவனைக் கவர்ந்திருக்க வேண்டும்.

அதைவிட அவனைக் கவர்ந்தவன் யோசிப். யோசிப் கேப்டனின் நண்பன், குரோஷியாக்காரன். ஆற்றங்கரையில் குண்டடிபட்டு, கேப்டனின் மடியில் தலைவைத்து, தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்துப்போனான். அதைக் கேட்ட அன்று ஷ்ரவண் சிவந்த கண்ணோடு வீட்டுக்கு வந்தான். சாப்பிடவில்லை. டைரியின் முதல் பக்கத்தில் யோசிப்பின் பெயரை எழுதிக் கீழே கோடு போட்டான். எங்கள் பெரியப்பா செத்துப்போனபோது அவன் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தான்.

மே மாதத்தில் ஒரு காலை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பறேன். டிக்கெட் வாங்கியாச்சு. அப்பா அம்மாகிட்ட ஜெர்மனில வேலைன்னு சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு."

"எங்கடா போற?"

"கேப்டன் லெட்டர் குடுத்திருக்கார். அவரோட பழைய யூனிட்டுக்கு."

"எதுக்கு?"

"யோசிப்புக்காக."

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியுமா உனக்கு என்று கேட்டிருக்கலாம். அம்மாவிடம் ஓடியிருக்கலாம். எனக்கு அப்படியெல்லாம் பேச்சு வராது. "ஸ்வெட்டர் எடுத்துண்டியா?" என்று கேட்டேன்.

நான் தி. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். அங்கே எம்.ஆர்.ஐ. எந்திரம் புதிதாக வந்திருந்தது. அது ஒரு பெரிய காந்தம். உடம்பில் இரும்பு இருப்பவர்களை உள்ளே விடக் கூடாது. வருகிறவர்களிடம் ஒரு படிவத்திலுள்ள கேள்விகளைக் கேட்டுக் கையெழுத்து வாங்குவது என் வேலை. கேள்விகளை வேறு யாரோ எழுதிவைத்திருந்தார்கள், நான் படித்தால் போதும். என்னைப் போன்றவளுக்கு ஏற்ற வேலை.

இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? எலும்பில் கம்பி, தகடு உண்டா? ஒன்பதாவது கேள்வி: உங்கள் உடம்பில் துப்பாக்கிக் குண்டோ குண்டுச் சில்லோ எப்போதாவது பாய்ந்ததுண்டா? இந்த இடத்தில் மாமிகள் சிரிப்பார்கள். ஒரு மாமா, "கல்யாணம் ஆயிடுத்து, அதைக் கேட்கறயா?" என்றார். 'ஆம்' என்று யாருமே சொன்னதில்லை.

புதன்கிழமை கேப்டன் வந்தான். பதுங்குகுழியில் படுத்துப் படுத்து வந்த முதுகுவலி என்றான். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார். ஷ்ரவண் அவனைத் தன் பைக்கில், குழந்தையைக் கூட்டிவருவதுபோல மெதுவாகக் கூட்டிவந்திருந்தான்.

அறையில் நானும் கேப்டனும் மட்டும். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். இல்லை, இல்லை என்றான். ஒன்பதாவதையும் படித்தேன்.

"இல்ல" என்றான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன்.

"பேஷண்ட் சொல்றது வெளில போகக் கூடாது. அதானே உங்க ரூல், மது?"

"ஆமாம்."

"சமத்து."

கையெழுத்துப் போட்டான். பெயருக்கு முன்னால் கேப்டன் என்று மறக்காமல் எழுதியிருந்தான்.

படிவத்தை வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஷ்ரவண் பெஞ்சில் உட்கார்ந்து, கேப்டனின் தொப்பியை மடியில் வைத்திருந்தான். இன்னும் இரண்டு நாள். என் கையில் இருந்த தாளைக் காட்டினால் போதும். காட்டக் கூடாது என்பது விதி. நான் விதிகளை மீறுகிறவள் இல்லை. அதற்கும் தைரியம் வேண்டும்.

எங்கள் அட்டெண்டர் பஞ்சாட்சரம் கேப்டனை உள்ளே அனுப்பிவிட்டு, அவனுடைய சாவி, பெல்ட், வாட்ச் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து ஷ்ரவணிடம் கொடுத்தார்.

"புட்ச்சிக்கோ நைனா. உள்ள இருக்கறது சாதா காந்தம் இல்ல. போன மாசம் ஒரு அம்மா கொண்டை ஊசியோட உள்ள பூட்ச்சு. ஊசி சும்மா புறா மாரி பறந்து போய் ஒட்டிக்கிச்சு."

"உடம்புக்கு உள்ள இரும்பு இருந்தா?"

"சதைய கிழிச்சிக்கினு வரும். இன்னாத்துக்குக் கேக்கற?"

ஷ்ரவண் எழுந்துவிட்டான். டப்பா கீழே விழுந்து சாவி உருண்டது. நேராக ஓடிப்போய் ஸ்கேன் அறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினான்.

"நிறுத்துங்கோ! அவர் தொடைல குண்டு இருக்கு! கேப்டன், உள்ள போகாதீங்கோ!"

எந்திரத்தை இயக்கும் இனாயத் கதவைத் திறந்து வெளியே வந்தார். நோயாளிக்குள் உலோகம் இருப்பதாக யார் சொன்னாலும் ஸ்கேனை நிறுத்தியாக வேண்டும். அதுவும் விதிதான்.

"இல்லைன்னு எழுதியிருக்காரே, மது?" என்றார்.

திறந்த கதவு வழியாகக் கேப்டன் தெரிந்தான். ஸ்கேன் மேஜைமேல், பின்பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியில் படுத்திருந்தான்.

"ஒண்ணுமில்ல ஷ்ரவண். நீ போய் உக்காரு."

"கேப்டன், அடக்கத்துக்கு இதுவா நேரம்? சார், நானே தொட்டுப் பார்த்திருக்கேன். கோலி குண்டு மாதிரி இருக்கு."

"இருந்தது. எடுத்தாச்சு."

"போன ஞாயித்துக்கிழமை இருந்ததே!" என்றான் என் தம்பி. அவன் குரலில் பயம் மட்டும்தான் இருந்தது. சந்தேகம் துளிகூட இல்லை.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். பஞ்சாட்சரம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"குண்டு கீதா இல்லியா? ஏதோ ஒண்ணு சொல்லு சார். அவனவன் வெறும் வயித்துல குந்திக்கினு கீறான்."

"முதுகு இப்போ பரவால்ல. இன்னொரு நாள் வரேன்" என்று கேப்டன் வேகமாக எழுந்தான். பாதியில் பிடித்துக்கொண்டது. வளைந்தபடியே நின்று "அம்மா" என்றான். அவன் சொன்னவற்றில் அந்த வலி மட்டும் உண்மை.

"ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்றார் இனாயத். "இருந்தா தெரிஞ்சுடும். அஞ்சு நிமிஷம்."

படம் கழுவி வந்தது. ஈரத்தோடு அதை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். தொடை எலும்பு வெள்ளையாக, நேராக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் சதை. குண்டுச் சில்லு என்றால் சுண்ணாம்புப் பொட்டுபோல் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

"கொழுப்புக் கட்டி" என்றார் இனாயத், கேப்டனின் தொடையை விரலால் அழுத்திவிட்டு. "எங்க சித்தப்பாவுக்கு நாலு இருக்கு. தாராளமா ஸ்கேன் பண்ணலாம்."

ஷ்ரவண் படத்துக்கு மிக அருகே போய்ப் பார்த்தான். முழங்கால்வரை தேடினான்போல.

"எக்ஸ்ரேல தெரியாத குண்டு உண்டா, அக்கா?"

இந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"கிடையாது" என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். அவன் தலை இன்னும் திரும்பவில்லை. "இவர் எந்தச் சண்டைக்கும் போகலடா. உன்னை மட்டும் அனுப்பறார்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. சக்கர நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்த கேப்டன் அங்கியை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டான்.

"போகலைன்னு சொல்லாதே. எல்லை வரைக்கும் போனேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும்னு திருப்பி அனுப்பிட்டா. ஆர்வம் இருந்ததோ இல்லியோ?"

பஞ்சாட்சரம் சிரித்துவிட்டார். ஷ்ரவண் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கேப்டனுக்கு முன்னால் போய் நின்றான்.

"யோசிப்?"

"அவனா..." கேப்டன் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நன்னா இருக்கான். ஸ்டுட்கார்ட்ல என் ரூமுக்குக் கீழ பேக்கரி வெச்சிருக்கான். பேர் எடுப்பா இருந்தது, அதான்."

ஒரு மனிதன் சாகவில்லை, ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறான். நல்ல செய்திதான். என் தம்பியின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தொப்பியைக் கேப்டனின் மடியில் வைத்துவிட்டு வெளியே போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கேப்டனை உள்ளே அனுப்பினோம். முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கியிருந்தது. கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்று அறிக்கையில் எழுதினார்கள். துப்பாக்கியைப் பற்றித் தனியாக ஒன்றும் எழுதவில்லை. திரும்பிப் போக அவனுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தது பஞ்சாட்சரம்.

நான் வீட்டுக்கு வந்தபோது ஷ்ரவண் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"ஜெர்மனி வேலை இல்லைன்னுட்டாம்மா" என்றான்.

"போனாப் போறது. அந்தக் குளிர்ல யாரு இருப்பா?" என்றாள் அம்மா. "பாங்க் பரீட்சை எழுதேன்."

அவன் தலையாட்டினான். பிறகு மோர்சாதத்தில் கைவைத்தபடியே அழ ஆரம்பித்தான். தோள்கள் குலுங்க, வாய்விட்டு அழுதான். அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்.

"ஒரு உத்தியோகம் போனதுக்கா இப்படி? என்னமோ யாரோ செத்துப்போன மாதிரி..."

"சும்மா இருங்கோ, குழந்தை ஆசைப்பட்டுடுத்து" என்று சொல்லிவிட்டு, அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி மோர் விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கைவைத்தேன். அவன் தட்டிவிடவில்லை.