சிவப்பு மையில் அடித்த பெயர்கள்

கோச்சடையில் இருக்கும் அந்த நர்சிங் கல்லூரியில் பி.எஸ்சி.க்கு இடம் கேட்டு வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு மாளாது. எம்.எஸ்சி. வகுப்பில் மட்டும் நாற்காலிகள் காத்தாடும். பட்டத்தைக் கையில் வாங்கிய மறுநாளே பிள்ளைகள் ஜெர்மன் மொழி வகுப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அடுத்த வருஷம் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். இங்கே இன்னும் இரண்டு வருஷம் யார் படிப்பது?

சமுதாய நலச் செவிலியத் துறைக்குத் தலைவியான ஜாய்ஸுக்கு அதில் கோபமில்லை. போகட்டும், நன்றாக இருக்கட்டும். அவள் கவலை வேறு. திங்கட்கிழமை பிரின்சிபல் சிஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள அஞ்சு பேர் சேரலைன்னா உன் பாடப்பிரிவை மூடுறோம் ஜாய்ஸ். உன்னை வெளிய அனுப்ப மாட்டோம், பயப்படாத. ஹாஸ்டல்ல பிள்ளைங்க பெருகிட்டாங்க. பிலோமினாளுக்குத் துணையா ரெண்டாவது வார்டனா இருந்துக்கோ."

பதினான்கு வருஷமாக மாணவிகளைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனவள் ஜாய்ஸ். வரப்பில் நின்று ரத்த அழுத்தம் பார்ப்பாள். சர்க்கரையை மறைக்கும் பெரியவர்களிடம் செல்லமாகச் சண்டை போடுவாள். அவளைப் பிடித்து, பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்ற புகாரைக் கேட்டுக்கொண்டு உட்காரச் சொன்னால்? 

சேர்ந்திருந்தது ஒரே ஒருத்தி. மீதி நாலு பேரைப் பிடிக்க, பழைய மாணவிகள் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஜாய்ஸும் கிளார்க் ஆசீர்வாதமும் போன் போட ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் வெளிநாட்டில். மீதிப் பேர் விசாவுக்குக் காத்திருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் கூப்பிடுவதற்கு ஒரு பெயரும் மிச்சமில்லை.

இந்த இடத்தில் ஆசீர்வாதத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படித்துப் போன பிள்ளைகள் தங்கள் கல்யாணப் பத்திரிகையை மறக்காமல் கல்லூரிக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மனிதர் அதை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படிப்பார். கல்யாணத்துக்கும் தவறாமல் போவார், பந்தியிலும் குறை வைக்க மாட்டார். பத்திரிகை கைக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது. கல்யாணமானவள் இனி எங்கே படிக்கப் போகிறாள் என்பது அவர் கணக்கு. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை. ஏன் செய்கிறீர்கள் என்று யாரும் கேட்டதுமில்லை, ஜாய்ஸ் உட்பட.

அன்றைக்கென்று பார்த்து, திருவாதவூரிலிருந்து பவதாரிணி தன் அப்பா பால்பாண்டியோடு தாம்பாளத்தில் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நாலு வருஷத்துக்கு முன்னால் படித்து முடித்தவள். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. வெளிநாட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து முந்தின நாள் அவளை விட்டுவிட்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை பேரு பீமாராவ். வாத்தியாரு. அவசியம் வந்துரணும்ணே" என்றார் பால்பாண்டி.

"வராம இருப்பேனா?" என்று பத்திரிகையை வாங்கிய ஆசீர்வாதம், வாய் நிறையச் சிரிப்போடு பதிவேட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, பவதாரிணியின் பெயரில் ஒரு கோடு இழுத்தார்.

"சார், எம் பேரை எதுக்கு அடிக்கிறீங்க?"

"கல்யாணம் ஆகப்போகுதுல்ல தாயி. இது மேல்படிப்புக்கு ஆள் தேடுற நோட்டு."

"நான் பத்திரிகையோட அப்ளிகேசனும் வாங்கிட்டுப் போகத்தான வந்தேன்! அவருதான் படிச்சே ஆகணும்னு நிக்கிறாரு." பவதாரிணி ஜாய்ஸ் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க ஆஷ்லினை வயித்துல வச்சுக்கிட்டுத்தான எம்.எஸ்சி. பரீட்சை எழுதுனீங்க? வகுப்புல எத்தனை தடவை சொல்லிருக்கீங்க!"

ஜாய்ஸுக்கு முகத்தில் தண்ணீர் அடித்த மாதிரி இருந்தது. பதிவேட்டை இழுத்துப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. மூன்று நாளாக அவள் கண் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. ஊரை விட்டுப் போகாமல், கல்யாணம் முடித்து, பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்கு அடியில்தான் கிடந்தார்கள்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்கண்ணே!"

"நல்லதுக்குன்னு நினைச்சேன் மேடம்" என்றார் ஆசீர்வாதம். பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

மறுபடியும் போன் ஆரம்பமானது. திருமங்கலத்து மலையம்மாள் விஷயத்தைக் கேட்டதும், "மேடம், ஸ்பீக்கர்ல போடுறேன், எங்க அத்தைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

"எம்புட்டு நாளு படிப்பு?" என்றது மாமியாரின் குரல்.

"ரெண்டு வருசம்மா."

"அம்புட்டுத்தானா? பிள்ளைகளை நான் பாத்துக்கிறேன். இவ போயிட்டு வரட்டும், வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்."

வியாழக்கிழமை இன்னும் இரண்டு பேர் சரி என்றார்கள். அஞ்சு! ஜாய்ஸ் ஆபீஸில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை மூன்று பேர் சான்றிதழ்களோடு வந்து சேர்ந்தார்கள்; முன்பே சேர்ந்தவளோடு நாலு பேர். மூன்று மணிக்கு ஐந்தாவது பெண்ணிடமிருந்து போன் வந்தது. வேலை பார்க்கும் இடத்தில் விடுவிக்க மாட்டேன் என்கிறார்களாம், அழுதுகொண்டே சொன்னாள். ஜாய்ஸ் அவளைத் தேற்றிவிட்டுப் போனை வைத்தாள். தன்னைத் தேற்ற ஆளில்லை. சேர்ந்த நாலு பேரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றிருந்தது.

மூன்றரை மணிக்கு வார்டன் பிலோமினாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு கவர்.

"என்னக்கா, ஹாஸ்டல் சாவி கொடுக்க வந்தீங்களா?" ஜாய்ஸின் குரல் உடைந்தே போனது.

"அடி போடி. அந்த நோட்டுல பழைய பக்கமெல்லாம் புரட்டு. நானும் இங்க படிச்சவதான். பத்து வருசம் வார்டுல நர்ஸா நின்னுட்டுத்தான் ஹாஸ்டலுக்கு வந்தேன்."

ஆசீர்வாதம் புரட்டினார். மை மங்கிய ஒரு பக்கத்தில் பிலோமினாளின் பெயர், குறுக்கே சிவப்புக் கோடு.

"உங்க கல்யாணத்துக்கு வந்தேனேம்மா..." என்று முனகினார்.

"பேரை அடிச்சுட்டுத்தான் பந்தியில வந்து உக்காந்திருப்பீங்க." பிலோமினாள் கவரை மேசையில் வைத்தாள். உள்ளே பூர்த்தி செய்த விண்ணப்பமும் சான்றிதழ்களும் இருந்தன. "நாலஞ்சு நாளா ஊரெல்லாம் கூப்பிடுறீங்க. நானும் போனைக் கையில வச்சுக்கிட்டுத்தான் மாடிக்கும் கீழுக்கும் அலைஞ்சேன். எனக்கு மட்டும் ஒரு ரிங் வரலையே ஜாய்ஸ்."

ஜாய்ஸ் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். தினமும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவளைத் தான் நினைத்தே பார்க்கவில்லையே என்ற வெட்கம் ஒரு பக்கம். சந்தோஷம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து கண்ணை நிறைத்தன.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஐந்து விண்ணப்பங்களையும் ஜாய்ஸும் பிலோமினாளும் பிரின்சிபல் சிஸ்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பேனாவை நிறுத்தினார்.

"எல்லாம் சரி. பிலோமினாள் வகுப்புல உக்காந்துட்டா ஹாஸ்டலை யாரு பாக்குறது?"

பிலோமினாளின் முகம் வாடியது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீண்டது.

"நான் பாத்துக்கிறேன் சிஸ்டர், ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்றாள் ஜாய்ஸ். "நீங்க கையெழுத்தைப் போடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.