அக்கராயனில் ஒரு சிம்பொனி மாலை

1

இந்தக் கதை ஒரு பதாகையில் பிறந்தது. அதில் "பிரான்ஸ்" என்ற சொல் மாட்டுவண்டி அளவிலும், "நாட்டு ஓர்கன் கலைஞரின் கவனிக்கப்படாத சிம்பொனிகள்: ரசனை மாலை" என்பது எறும்பு அளவிலும் அச்சாகியிருந்தன.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்திச் சூரியன் அக்கராயன் குளத்தில்..."

(வெட்டிவிட்டேன். சூரியனுக்குக் கூட்டத்தில் வேலையில்லை.)

2

கதிர்காமநாதன் நெல் விதைப்பவர். பாரிஸில் தேவாலயமொன்றைத் துப்புரவாக்கும் மகன் கிருசாந்தன் அனுப்பிய, தேவாலயத்தில் வாசிக்கும் ஓர்கன் இசையில்தான் அவருக்குப் பித்துப் பிடித்தது. அதை எழுதியவர்* முழு வாத்தியக் குழுவுக்கென மூன்று சிம்பொனிகளும் எழுதியிருக்கிறார், அவற்றை ஒருவரும் வாசிப்பதில்லை என்று தெரிந்ததும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தாளுக்காக நீங்கள் ஏன் பட்டினி கிடக்கிறியள்?" என்றார் மனைவி அருந்ததி.

"எல்லாரும் அந்தாளின்ரை ஓர்கனையே பிடிச்சுத் தொங்குகினம். இது அநியாயமப்பா."

* பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் தெரிந்ததுபோல் தலையாட்டுவீர்கள்.

3

கதிர்காமநாதன் பதாகை கட்டிக் கூட்டம் வைத்தார். பொதுநோக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. அவருக்குக் கண் கலங்கியது. மங்கல விளக்கு, மாலை, வரவேற்புரை. ஒரு சுரமும் கேட்டிராத கூட்டத் தலைவர் முத்துலிங்கம், இசையமைப்பாளரை நெடுநேரம் புகழ்ந்தார். பிறகு முன்வரிசையிலிருந்து மீனம்மா கையுயர்த்தினார். அவருடைய மகன் ரூபன் பிரான்ஸ் போகப் பாஸ்போட்டை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

"அண்ணை, விசா எப்ப திறக்கிறாங்கள்?"

மண்டபமே காதைத் தீட்டியது. சனம் பதாகையில் "பிரான்ஸ்" என்பதை மட்டும் வாசித்துவிட்டு வந்திருப்பது கதிர்காமநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொன்னால் கதிரைகள்தான் மிஞ்சும்.

"முதல் இதைக் கேளுங்கோ. மிச்சம் பிறகு சொல்லுறன்."

(இவர் பொய் சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சொல்லிவிட்டார்.)

4

ஒலிபெருக்கியில் ஓடிய சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் வயலின்கள் மெல்ல ஏறின. அடியில் பெரிய வயலின்களான செல்லோக்கள், ஓர்கனின் கால்கட்டையை மிதித்துப் பிடித்ததுபோல், ஒரே சுரத்தில் நின்றன. கையாலும் காலாலும் வாசித்துப் பழகியவரின் இசை. சனம் நேர்முகப் பரீட்சைக்கு வந்ததுபோல் அசையாமல் இருந்தது. முத்துலிங்கம் குறிப்பெடுத்தார்.

5

நான் யோசித்த முடிவுகள்:

அ) அடி விழுகிறது.

ஆ) ஊரே அடுத்த சிம்பொனி கேட்கிறது.

இரண்டும் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஆகவே நம்பவில்லை. இசை முடிந்ததும் நடந்தது இது.

"விசாவைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது," என்றார் கதிர்காமநாதன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஏசிக்கொண்டே எல்லோரும் எழுந்து போனார்கள். மீனம்மா மட்டும் இருந்தார்.

"எனக்கு அப்பவே விளங்கீட்டுது. விசா விசயம் தெரிஞ்ச ஆக்கள் இவ்வளவு சந்தோசமா இருக்கமாட்டினம்."

"பிறகேன் அக்கா எழும்பாமல் இருந்தனீங்கள்?" என்றார் கதிர்காமநாதன்.

மின்விசிறிக்காக என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். இசைக்காக என்று எழுதினால் அருந்ததி சிரிப்பார். ரூபன் போய்விட்டால் அங்கே அவன் கேட்கப்போகும் சத்தம் எப்படியிருக்கும் என்று அறிய, என்று எழுதினால்...

அழித்துவிட்டேன். மீனம்மா வாய் திறக்கப் போகிறார். நான் பேனையை மூடுகிறேன். நீங்கள் கேட்டு எழுதுங்கள்.