மலையன் கட்டிய வரி

பழனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் சின்னக் கடையில் மலையனின் பட்டன் போன் சிணுங்கியது. மகள் நதியாவின் ஆதாரில் அவர் நம்பர்தான் இருக்கிறது. ஓ.டி.பி. வந்துவிட்டது. அவரோ போனை எடுக்காமல் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"நம்பரச் சொல்லுங்கண்ணே. ஆறாயிரமும் திரும்பி வந்துரும்" என்றாள் கடைக்காரி சுசித்ரா.

"எதுக்குங்க திரும்பி? கட்டுனது கட்டுனதாவே இருக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நதியாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நர்சிங் படிப்புக்கென்று ஒரு டிரஸ்ட் கொடுத்த அறுபதாயிரத்தில், ஏதோ வேலை பார்த்ததற்கான கூலி போல, பத்தில் ஒரு பங்கை வரியாகப் பிடித்துவிட்டிருந்தார்கள். அது வந்தால்தான் ஹாஸ்டல் பாக்கி தீரும். அடுத்த மாதத்துக்கு மேல் பொறுக்க முடியாது என்று வார்டன் சொல்லியாயிற்று. அப்பாவுக்கு மட்டும் அது வேறு விஷயம். பாலசமுத்திரத்துக்கு மேலே மலையில் இருக்கும் அவர்கள் குடியிருப்பிலேயே முதன்முதலாக வரி கட்டியது தன் மகள்தான் என்று, தேன் எடுக்கப் போன இடத்திலும் தோட்டத்திலும் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தார் மனிதர்.

"அரிசி, பள்ளிக்கூடம், இவ படிப்புன்னு அம்புட்டும் வாங்கித்தானுங்க வந்திருக்கோம். ஒருக்காவாச்சும் குடுக்க வேணாமா?"

நதியாவின் கோபம் அப்படியே அடங்கிப்போனது. இந்த மனிதருக்கு மகளாகப் பிறந்ததற்கு யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் சுசித்ரா அவசரப்படாமல் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள்.

"இதுக்கு வரி வேணாம்னு சட்டத்துலயே இருக்குண்ணே. கேளுங்க. படிப்புச் செலவுக்காகக் குடுக்குற உதவித்தொகைய வருமானமா சேக்கக் கூடாது."

"யாரு எழுதுனது?"

"தெரியலண்ணே. நாம பொறக்கிறதுக்கு முந்தி, டெல்லியில யாரோ."

மலையன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"பொறக்காத புள்ளைகளக்கூட நெனச்சு எழுதிருக்காரே. அவரு வேணாம்னத நாம குடுத்தா மரியாதையா இருக்காது. இன்னொருக்கா வாசிங்க தாயி."

சுசித்ரா நிறுத்தி நிதானமாக வாசித்தாள். நதியாவும் எழுந்துவிட்டிருந்தாள்.

முதலில் வந்த ஓ.டி.பி. அதற்குள் காலாவதியாகியிருந்தது. சுசித்ரா மறுபடி அனுப்பினாள். போன் சிணுங்கியதும் மலையன் அதைக் கண்ணருகே பிடித்து, நின்றபடியே, வெளியே இருந்த பதினோரு பேருக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.