கிட்னி மச்சானுடையது, சர்க்கரை யாருடையது?

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கிட்னி கொடுத்தது அவர் மனைவியின் தம்பி. கேக் கடை வைத்திருப்பவன். பகலெல்லாம் க்ரீமும் பாகுமாகப் புழங்கி, சரியாக வராத கேக்கையெல்லாம் தானே தின்று தீர்ப்பவன். கொடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில் அவனைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தும் ஒரு குறையும் கிடைக்கவில்லை. மெக்கானிக்கோ இனிப்பென்றாலே முகத்தைச் சுளிப்பவர்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புதுக் கிட்னியும் சொன்ன பேச்சைக் கேட்டு வேலை செய்தது. சில மாதம் கழித்து, வழக்கமான பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்தது. ரத்தம் மாறிப்போயிருக்கும் என்று நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டார் மனிதர். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே கதைதான்.

வீட்டுக்கு வந்தால், அவருடைய அக்கா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிட்னி தேவைப்பட்ட சமயத்தில், “ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்” என்று நைசாக நழுவியவள். கருத்துச் சொல்வதற்குத்தான் ஊசி தேவையில்லையே.

“நம்ம பரம்பரையில யாருக்குடா சர்க்கரை இருந்துச்சு? கேக் கடைக்காரன் கிட்னி. அதுல பாகு ஊறாம வேற என்ன ஊறியிருக்கும்?”

சமையலறையில் மனைவி பாத்திரத்தை வைத்த வேகத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆனால் மெக்கானிக்குக்கு அக்கா சொன்னது நியாயமாகப் பட்டது. புது உதிரிபாகம் மாட்டிய பிறகு லிஃப்ட் தகராறு செய்தால், முதலில் உதிரிபாகத்தைத்தானே சந்தேகப்படுவார்கள்? ஃபோனை எடுத்தார்.

“மாப்ளே, மறைக்காம சொல்லு. உன் கிட்னியில சர்க்கரை இருந்துச்சா?”

“மாமா, நான் கொடுத்தது கிட்னி. கேக் இல்ல.”

“பின்ன எனக்கு எப்படி வந்துச்சு?”

“பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க, ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டான்.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். “அவன் வயித்தைக் கிழிச்சுக் கொடுத்தான். நீங்க மிச்சமிருந்த மனசையும் கிழிச்சுட்டீங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட எல்லாரும் போறோம். அண்ணி, நீங்களும்தான்.”

மறுநாள் டாக்டரம்மா அறையில் மூன்றே நாற்காலி. மச்சான் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரோடு சாய்ந்து நின்றான். மெக்கானிக் தன் புகாரைச் சொன்னார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“கிட்னிதான் அவரோடது. கணையம் உங்களோடதுதானே? சர்க்கரையைக் கவனிக்க வேண்டியது அதுதான். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாம இருக்க மருந்து கொடுக்கறோம் இல்லையா, அது கணையத்துக்குப் பெரிய சுமை. சில பேரோட கணையம் அதைத் தாங்கிக்கும். சில பேருக்குப் பிறவியிலேயே, அப்பா அம்மா வழியா வந்த மரபணுவால, தாங்கற சக்தி கொஞ்சம் குறைச்சல். மறைஞ்சு கிடந்தது மருந்து பட்டதும் வெளியில வந்துடும்.”

“எங்க குடும்பத்துல யாருக்கும் சர்க்கரையே கிடையாது” என்றாள் அக்கா, நெஞ்சை நிமிர்த்தி.

“யாராவது பரிசோதிச்சுப் பார்த்திருக்கீங்களா?”

“இல்லாததை எதுக்குப் பார்க்கணும்?”

“அப்பா எப்படி இருந்தார்?”

மெக்கானிக்குக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அப்பா ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பார். செருப்பு கடித்த புண் கடைசிவரை ஆறவேயில்லை. செருப்புக் கடைக்காரனைத்தான் குடும்பமே திட்டித் தீர்த்தது. அதை மெல்லிய குரலில் சொன்னார்.

“அப்போ நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்கம்மா” என்றாள் டாக்டரம்மா அக்காவிடம்.

ஊசியைக் கண்டதும் அக்கா சொன்னபடியே மயங்கினாள். தாங்கிப் பிடித்தது கேக் கடைக்காரன்தான். அன்று மாலை முடிவு வந்தது. தம்பியைவிட அக்காவுக்குத்தான் சர்க்கரை அதிகம். வீட்டில் வெகுகாலத்துக்குப் பிறகு அமைதி நிலவியது.

டாக்டரம்மா ஒரு மாத்திரை சேர்த்து, மற்ற மருந்துகளின் அளவையும் பார்த்துத் திருத்தினாள். “நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, தினமும் நடக்கணும்” என்று கண்டித்தாள். சர்க்கரை மெல்ல இறங்கியது. மச்சான் மட்டும் இறங்கி வரவில்லை.

கடைசியில் மெக்கானிக் கேக் கடைக்கே போனார். கூட்டம் நெரிந்தது. மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத வாயிலிருந்து வார்த்தை சத்தமாகத்தான் வந்தது.

“மாப்ளே! உன் கிட்னி தங்கம்டா! எங்கப்பா கொடுத்த கணையம்தான் மக்கர் பண்ணிடுச்சு!”

பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஒரு பெண்மணி பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மச்சான் காது சிவந்து, அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

“வியாபாரத்தைக் கெடுக்காதீங்க மாமா. உட்காருங்க. சர்க்கரை போடாம ஒரு பிஸ்கட் பண்ணியிருக்கேன், உங்களுக்காகத்தான்.”

மெக்கானிக் கடித்தார். அட்டைப்பெட்டியைக் கடித்ததுபோல் இருந்தது. மச்சான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிரமாதம்” என்றார்.

“பொய்தானே?”

“பொய்தான். இன்னொண்ணு கொடு.”